சிஸ்டரிடம் கேளுங்கள்: தைலம் கேட்டு வந்தவர்கள்

சென்ற மாதம் கழுத்து வலி பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் ரப்பர் வளையம் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகு, தோள், மணிக்கட்டு, குதிகால் என்று கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்களின் உடம்பும் அந்தக் கட்டில் இருக்கிறது. பாதிக்குமேல் வேலையால் வந்த வலி. ஆகவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குழந்தையின் சளியும் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

புதிய வாசகர்களுக்காக: சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மருந்தகத்தில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் அல்ல. அங்கே எல்லோருக்கும் சிஸ்டர். இந்தப் பக்கத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: சேதராப்பட்டில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் 140 பேர் வேலை செய்கிறோம். பிளாஸ்டிக் பாகங்கள் தயாரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறோம். எங்களிடம் பொருள் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், பணிச்சூழலியல் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்க வேண்டும் என்று மூன்று மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. அலுவலகத்துக்குச் சாய்வும் உயரமும் மாற்றக்கூடிய 30 நாற்காலிகள் வாங்கினோம். ஒருநாள் பயிற்சி நடத்தினோம். சுழற்சி முறை பற்றிச் சுவரொட்டிகள் ஒட்டினோம். உடல் வலி என்று விடுப்பு எடுப்பது கொஞ்சமும் குறையவில்லை. எங்கே தவறினோம்?
– மனிதவள மேலாளர், புதுச்சேரி

பதில்: தம்பி, நாற்காலி வாங்கியதில் குற்றம் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்காலியின் சாய்வு வரை எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் அடைத்து அனுப்புகிறோம் என்பதோ ஒரே வரி. அடைக்கிறவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா? ஒரு பெட்டி எத்தனை கிலோ? எங்கிருந்து எடுத்து எங்கே வைக்கிறார்கள்? விடுப்பு எடுப்பவர்கள் அவர்களாக இருந்தால், அலுவலகத்தில் சுழலும் நாற்காலி அவர்கள் முதுகுக்கு என்ன செய்யும்?

பெயரிலேயே எங்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. 'பணிச்சூழலியல் குழு' என்று சுற்றறிக்கை போனதும், சூழல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட ஒரு மேற்பார்வையாளர், எத்தனை வேப்பங்கன்று வேண்டும், குழி யார் தோண்டுவது என்று கணக்கோடு கூட்டத்துக்கு வந்தார். 1857இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்செம்போவ்ஸ்கி, 'வேலை', 'விதி' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் எர்கோனாமிக்ஸ். ஆளுக்குத் தக்கபடி வேலையை அமைப்பது என்று மேற்பார்வையாளருக்கு விளக்கினார்கள். "இதற்கா இவ்வளவு பெரிய பெயர்?" என்றார். பிறகு அந்தக் குழுவில் அதிகம் உழைத்தவர் அவர்தான். வேப்பங்கன்றும் நட்டார்.

என் கண்ணைத் திறந்தது வலித்தைலம். மருந்தகத்தில் ஒரு பதிவேடு உண்டு: தேதி, பெயர், பிரிவு, என்ன தொந்தரவு, என்ன கொடுத்தோம். பத்தாண்டுகள் அதில் எழுதினேனே தவிர ஒருநாளும் திருப்பிப் படித்ததில்லை. ஓர் ஆண்டு, தைலம் ஏன் ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்கு செலவாகிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து குறிப்பு வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களோ என்று அவர்களுக்குச் சந்தேகம். எனக்கு வந்த கோபத்தில் மூன்று மாதப் பக்கங்களை விரித்துவைத்து, பிரிவுவாரியாகக் கோடு போட்டு எண்ணினேன். பாதிக்குமேல் ஒரே இடத்துக்குப் போயிருந்தது: பேக்கிங் பிரிவு.

மறுநாள் அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றேன். மருந்தகத்திலிருந்து நடந்தால் நான்கு நிமிடம். பத்தாண்டில் அதுவே முதல்முறை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே உள்ள தொட்டியிலிருந்து வெள்ளைத்தூள் குழாய் வழியாகப் பையில் இறங்கும். பை நிற்பது தரையோடு தரையாக உள்ள எடைமேடையில். 25 கிலோ ஆனதும் ஒருவர் பையின் வாயைத் தைப்பார். அடுத்தவர் குனிந்து, பையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, இடப்பக்கம் திரும்பி, தரையில் கிடக்கும் பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்குவார். குனிவது, நிமிர்வது, திரும்புவது, மறுபடி குனிவது. காதைப் பிடித்துத் தூக்கும்போது பை முழங்காலில் இடிக்காமல் இருக்கக் கையை முன்னால் நீட்டிக்கொள்கிறார் என்பதைக் கவனிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மருந்துச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஷிப்டுக்கு 400 மூட்டை. பத்து டன்.

"25 கிலோதானே சிஸ்டர், சிமெண்ட் மூட்டையே 50 கிலோ" என்றார் உற்பத்தி மேலாளர். இந்தத் 'தானே'யில்தான் பல முதுகுகள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் பணிநல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1990களில் வெளியிட்ட தூக்கும் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் எல்லாம் வாகாக அமைந்தால்தான். சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், எடுக்கும்போது கை தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், திரும்பக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது. அதையே தரையிலிருந்து, கணுக்காலுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் பிடித்துத் தூக்கினால் அந்த 23 ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்று நாள் முழுவதும் தூக்கினால் மேலும் குறையும். ஆக, மூட்டையில் எழுதியிருக்கும் எடை பாதிக் கதைகூட இல்லை. எங்கே இருக்கிறது, எப்படிப் பிடிக்கிறார், எத்தனை முறை என்பவைதான் முதுகுக்குத் தெரியும்.

இனி என்ன செய்வது என்று மூன்று வாரம் அறைக்குள் உட்கார்ந்து பேசினார்கள். கன்வேயர் வாங்க விலைப்பட்டியல்கூட வந்துவிட்டது. கடைசியில்தான் அடுக்குகிறவரை அழைத்தார்கள். பச்சையாங்குப்பத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், எல்லோருக்கும் அண்ணன். "எடைமேடையை இடுப்புக்குத் தூக்கி வையுங்கள். தட்டுக்கு அடியில் இரண்டு காலித் தட்டைப் போடுங்கள். நான் திரும்பாமல் நகர்ந்து வைக்கிற மாதிரி இடம் விடுங்கள். ஆறு ஆண்டுகளாகச் சொல்கிறேன்" என்றார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பக்கத்தில் தைக்கிறவரிடம்" என்றார்.

பழைய இரும்புக் கோணங்களை வெட்டி எங்கள் வெல்டரே இரண்டு நாளில் தாங்கி செய்துவிட்டார். குழாயின் நீளத்தைக் குறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. நான்கு மாதம் கழித்துப் பதிவேட்டை மறுபடி எண்ணினேன். அந்தப் பிரிவுக்குப் போன தைலம் மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. அடியோடு நின்றுவிடவில்லை. கீழே தட்டு ஏறியதால் மேல் அடுக்கும் ஏறிவிட்டது. முதுகை விட்ட வலி தோளுக்குப் போனது. அடுக்கில் ஒரு வரிசையைக் குறைக்கச் சொல்லி, லாரியில் இடம் வீணாகிறது என்ற சரக்குப் பிரிவோடு இன்னொரு சண்டை போட வேண்டியிருந்தது.

உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். மருந்தகப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டின் சீட்டு மூன்றையும் பிரிவுவாரியாக எண்ணுங்கள். ஆறு மாதத்தில் யார் யார் வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டார்கள் என்று பாருங்கள். வலி என்று வாய்விட்டுச் சொல்லாதவர்கள் இடமாற்றம் கேட்பார்கள். பிறகு பழைய மாத நாள்காட்டியின் பின்பக்கத்தில் ஒரு மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து உணவுக்கூடத்தில் தொங்கவிடுங்கள், பிரிவுக்கு ஒன்று. பக்கத்தில் ஓர் ஒட்டுப்பொட்டு அட்டை. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு பொட்டு. பெயர் வேண்டாம். இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உடற்படத்தைக் காட்டிக் கேட்கும் நார்டிக் வினாத்தாள் 1987 முதல் புழக்கத்தில் உள்ளது, பொட்டு மட்டும்தான் என்னுடையது. ஆண்கள் முதல் நாள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் அந்தக் காகிதத்து ஆளின் இடுப்புக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். அந்த வேலையைச் செய்கிறவர் இருவர், ஒருவராவது பெண். பராமரிப்புப் பிரிவின் வெல்டர் அல்லது ஃபிட்டர். கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர், ஏனென்றால் அடுத்த ஆண்டின் முதுகுவலியை இந்த ஆண்டு வாங்கிப்போடுகிறவர் அவர்தான். புது இயந்திரம் வந்து இறங்கிய பிறகு அதன் உயரத்தைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை. கடைசியாக, சிறு செலவுக்கு அங்கேயே கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர். அவர் இல்லாத குழு தேநீர் குடித்துவிட்டுக் கலையும். உங்கள் 140 பேர் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்களா என்று கடிதத்தில் இல்லை. பெட்டியை லாரியில் ஏற்றுவது அவர்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். அவர்களை விட்டுவிட்டுத் திட்டம் போட்டால் அது பாதித் தொழிற்சாலைக்குப் போட்ட திட்டம்.

பட்டியலில் எளிதான ஒன்றை எடுத்து இரண்டு வாரத்துக்குள் செய்து முடித்துவிடுங்கள். ஒரு மேசையின் உயரமாக இருக்கலாம். நின்றுகொண்டு செய்யும் இலகுவான வேலைக்கு மேசை முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருப்பது நல்லது; நுணுக்கமான வேலைக்கு முழங்கைக்குச் சற்று மேலே. எல்லோருக்கும் ஒரே மேசை என்றால் உயரமானவருக்குத் தக்கபடி அமைத்து, குள்ளமானவருக்குக் காலடியில் பலகை போடுங்கள். அந்த ஒரு மேசை மாறியதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

திறந்ததும் ஒன்று நடக்கும், அதற்கு உங்கள் நிர்வாக இயக்குநரை இப்போதே தயார்ப்படுத்துங்கள். முதல் சில மாதங்களில் வலி என்று எழுதுகிறவர்களின் எண்ணிக்கை ஏறும். திட்டம் வந்ததால் வலி வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 'இந்த மாதம் ஒரு வலிப் புகாரும் இல்லாத பிரிவுக்குப் பரிசு' என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள். எங்கள் இடத்தில் ஒருமுறை அறிவித்தார்கள். எவர்சில்வர் டிபன் பெட்டிக்காக ஆறு மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சுழற்சி முறை பற்றி உங்கள் சுவரொட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடது வரிசையில் தூக்குகிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலது வரிசையில் தூக்கச் சொல்வது சுழற்சி ஆகாது. தோளுக்கு வேலை தந்தவருக்கு அடுத்துக் காலுக்கு வேலை தர வேண்டும். பயிற்சியை எல்லாம் மாற்றிய பிறகு நடத்துங்கள். தரையில் கிடக்கும் பெட்டியை 'முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள்' என்று கற்றுக்கொடுப்பது, ஒழுகும் கூரைக்கு அடியில் ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொடுப்பது மாதிரி.

வெளிநாட்டு நிறுவனத்துக்குக் காகிதம் வேண்டும் என்றால் ஒரு நீள நோட்டுப் போதும்: என்ன கண்டோம், என்ன மாற்றினோம், யார் பொறுப்பு, எந்தத் தேதி, மூன்று மாதம் கழித்துப் பொட்டுகள் எங்கே நகர்ந்திருக்கின்றன. மதிப்பெண் கேட்டால், கழுத்தும் தோளும் மணிக்கட்டும் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து 1 முதல் 7 வரை போடும் ருலா முறை 1993 முதல் இருக்கிறது. உங்கள் பாதுகாப்பு அதிகாரி ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுங்கள்.

கேள்வி: முதுநகரில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். மூட்டை தூக்கும் எட்டுப் பேருக்கும் இடுப்புப் பட்டை வாங்கித் தரலாமா? ஒன்று 600 ரூபாய் சொல்கிறார்கள்.
– மண்டி உரிமையாளர், கடலூர்

பதில்: வேண்டாம். நியோஷ் நிறுவனம் அமெரிக்கக் கடைகளில் சரக்கு கையாளும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியிலோ இழப்பீடு கேட்டதிலோ வேறுபாடு தெரியவில்லை. பட்டை கட்டியதும் இன்னும் ஒரு மூட்டை ஏற்றலாம் என்று தோன்றும், அது வேறு ஆபத்து.

எட்டை அறுநூறால் பெருக்கினால் 4,800 ரூபாய். அதில் கைவண்டியைப் பழுதுபார்த்து நல்ல சக்கரம் போடலாம். மண்டி வாசலில் லாரியின் தளத்துக்குச் சமமாக ஒரு மேடை கட்டக் கொஞ்சம் கூடுதலாகும். கட்டிவிட்டால் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், தள்ளினால் போதும். மில்லிலிருந்து 25 கிலோ சிப்பமாகக் கேளுங்கள். ஒரு வளர்ந்த ஆண் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. அது மேல்வரம்பு, அவ்வளவு ஏற்றலாம் என்ற அனுமதி அல்ல. தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கிற உங்கள் மூத்த ஆளை நான் பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அவருக்கு முதலில் கைவண்டி.

கேள்வி: பண்ருட்டி அருகே சிறிய அளவில் முந்திரி உடைக்கும் தொழில் செய்கிறோம். 18 பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் செய்வதுபோன்ற திட்டம் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குச் சாத்தியமா? தரையில் உட்கார்ந்து பழகியவர்கள், நாற்காலி போட்டால் வேண்டாம் என்கிறார்கள்.
– சிறு உரிமையாளர், பண்ருட்டி

பதில்: சாத்தியம். சிறு தொழிற்கூடங்களுக்கென்றே, உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செலவு குறைவாக மாற்றும் முறைகளைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1980களிலிருந்து கற்றுக்கொடுத்து வருகிறது. அதன் சாரம், பெரியவர்கள் செய்வதைப் பார்த்து ஏங்காமல் பக்கத்துக் கூடத்தில் நன்றாக நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து செய்வது.

நாற்காலி வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. மேசை உயராமல் நாற்காலி மட்டும் உயர்ந்தால் முன்பைவிட அதிகமாகக் குனிய வேண்டும். உங்கள் பக்கத்துக் கூடம் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். தோல் உரிக்கும் பெண்கள் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மடிக்கும் கீழே, தரையில். பருப்பின் மடிப்பில் ஒட்டியிருக்கும் தோலைக் கத்திமுனையால் எடுக்கத் தலை தட்டுக்குள் விழுந்துவிடும்போல் தொங்குகிறது. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் தன் நிழலிலேயே பருப்பைத் தேடிக்கொண்டிருந்தார் ஒருவர். தட்டைச் சாய்வாக ஒரு பலகைமேல் தூக்கிவைத்து, உட்காரக் கையகல உயரத்தில் மணை கொடுத்து, சுவரோரமாக முதுகு சாயும்படி வரிசையை மாற்றி, குழல்விளக்கை முன்பக்கம் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. உடைக்கும் இடத்தில் மிதிகட்டை வைத்த கருவி என்றால் எப்போதும் வலது காலே மிதிக்கும். அந்த இடுப்பைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டின் எண்ணெய் தோலைச் சுடும் என்பதால் கையுறை கொடுப்பீர்கள். அளவு பெரியதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், விரலும் முன்கையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். மூன்று அளவில் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறீர்கள். எழுந்து நடந்தால் காசு குறையும் என்றால் எந்தப் பெண்ணும் எழுந்திருக்க மாட்டாள், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மணிக்கு ஒருமுறை மணியடித்து ஐந்து நிமிடம் எல்லோரையும் எழுப்புங்கள், அந்த ஐந்து நிமிடத்துக்கும் கூலி போட்டுக் கொடுங்கள். உங்கள் கையைக் கடிக்கும் என்று தெரியும். ஒரு மாதம் செய்துவிட்டு நாளுக்கு எத்தனை கிலோ வந்தது, எத்தனை பருப்பு முழுசாக வந்தது என்று பழைய கணக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்கிறேன். குதிகால் எரிகிறது. வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாதாம். புதுச்சேரி கடையில் வேலை செய்யும் என் தோழிக்கும் இதே நிலை.
– வாசகி, கடலூர்

பதில்: உட்காரலாம் அம்மா. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021இல் திருத்தியது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. கேரளம் 2018லேயே செய்தது. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்லியிருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் தமிழ்நாட்டின் கண்ணில் பட 73 ஆண்டுகள் ஆயின. தோழியின் கடைக்கு இந்தத் திருத்தம் செல்லாது. பஸ் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுச் சட்டம் இறங்கிக்கொள்ளும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு மில் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்த ஊரில், ஒரு முக்காலியைக் கேட்டு வாங்க முடியாதா என்று உங்கள் தோழியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் சட்டத்தை நீட்டுவதற்குமுன் முக்காலியின் அளவைச் சொல்லிப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் மறையும் உயரமான முக்காலி, உட்கார்ந்தாலும் முகம் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராக இருக்கும். மேசைக்கு அடியில் ஒரு செங்கல். நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வையுங்கள். வழவழப்பான தரையில் தட்டையான ரப்பர் செருப்போடு நிற்காதீர்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தணிக்கையாளர் அலுவலகத்தில் மடிக்கணினியில் நாள் முழுவதும் பதிவு செய்கிறேன். இரவில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. கையை உதறினால் சரியாகிறது. கைப்பேசியில் பார்த்து உடற்பயிற்சி செய்கிறேன்.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கைப்பேசியை வைத்துவிட்டு எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் போங்கள். நீங்கள் சொன்ன அந்த மூன்று விரல்களும் மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாக வரும் ஒரே நரம்புக்குச் சொந்தம். அது நசுங்கினால் இரவில்தான் முதலில் தெரியும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பழியையும் விசைப்பலகைமேல் போட வேண்டாம்.

மடிக்கணினியின் குறை அதன் உடலிலேயே இருக்கிறது: திரைக்கு ஏற்ப வைத்தால் கை தூக்கும், கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்து தொங்கும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள். மடிக்கணினியைப் பழைய வரிச்சட்டப் புத்தகங்களின்மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள், ஒரு கை தூரத்தில். தணிக்கையாளர் அலுவலகத்தில் தடித்த புத்தகத்துக்குப் பஞ்சம் இருக்காது.

கேள்வி: ஒப்பந்தத் தொழிலாளி. வயது 34. தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது காலுக்கு வலி இறங்குகிறது. சொன்னால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு ஒதுக்கியது, என்ன எழுதுவது என்று பிடிபடாததால்.

எங்கள் மருந்தகத்துக்கும் உங்களைப் போல ஓர் ஒப்பந்தத் தொழிலாளி வருவார், தம்பி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார், "காய்ச்சல் என்று எழுதுங்கள் சிஸ்டர்" என்பார். முதுகுவலி என்று எழுதினால் ஒப்பந்ததாரர் நிறுத்திவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும். எழுதினேன். நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் தைலம் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவருக்கு இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று விழுந்தது. வேலையால் வந்தது என்று காட்டப் பதிவேட்டைக் கேட்டபோது அதில் நான்கு இடத்தில் காய்ச்சல் என்று என் கையெழுத்தில் இருந்தது. தைலக் கணக்கை நான் எண்ணிய கதையை மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன் அல்லவா, அது இதற்குப் பிறகு நடந்தது.

சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். சொல்லும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் சொல்வதற்குமுன் மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை கிலோ, எத்தனை நாளாக வலி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா போயிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. தனியாகப் போய்ப் பேசாதீர்கள். உங்களோடு ஏற்றி இறக்குகிறவர்களில் இன்னும் இரண்டு பேருக்காவது இடுப்பு வலிக்கும், மூவராகப் போங்கள். பாதம் மரத்துப்போனாலோ, தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ யாரையும் கேட்க வேண்டாம், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்று மாலையே சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உங்கள் பங்கு 0.75 சதவீதம்; 12,000 சம்பளம் என்றால் 90 ரூபாய் கழிந்திருக்க வேண்டும். கழிந்திருந்தும் உங்களிடம் காப்பீட்டு எண் இல்லை என்றால், அந்தச் சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.